மாஸ்டர் டிகிரி முடித்தவனுக்குத் தொழிற்சங்கம் எதற்கு?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதன் சாரம் இது: பொறியியலில் முதுநிலை முடித்து எட்டு வருடமாக வேலை பார்க்கிறார். சம்பளத்தைத் தானே பேசித்தான் வாங்குகிறார். கூட வேலை பார்க்கும் ஒருவர் சங்கத்தில் சேரச் சொல்லி நச்சரிக்கிறார். “கொடி, கோஷம், ஸ்டிரைக் எல்லாம் ஆலைத் தொழிலாளிக்குச் சரி. பட்டம் வாங்கியவனுக்கு அதில் என்ன இருக்கிறது?” என்று கேட்கிறார். ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. சங்கம் என்பது என்னைப் போன்றவனுக்கு உரியதா என்பது ஒன்று. கட்டுகிற சந்தாவுக்குப் பலன் உண்டா என்பது இன்னொன்று. மூன்றாவதை அவர் வெளிப்படையாக எழுதவில்லை: சேர்ந்தால் ‘பிரச்சினை பண்ணுகிற ஆள்’ என்று முத்திரை விழுந்துவிடுமோ?

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து வருடம் பொறியாளராக இருந்துவிட்டு, அதன் பிறகு பதினான்கு வருடம் பட்டதாரிகள் சங்கம் ஒன்றில் ஆலோசகராக வேலை பார்த்தேன். வேலை ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்வது, சம்பளப் பேச்சுக்கு ஆளைத் தயார் செய்வது, வேலையை விட்டு அனுப்பும் கூட்டங்களில் பக்கத்தில் உட்கார்வது, இவைதான் என் அன்றாடம். அதனால் எனக்குச் சாய்வு உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். நான் வழக்கறிஞர் இல்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆகவே கீழே வருகிற சட்ட விஷயங்களை உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்தவரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு வரலாறே பதில் சொல்லிவிடுகிறது. பட்டதாரிகளின் சங்கம் என்பது நேற்று முளைத்தது இல்லை. ஸ்வீடனில் பல்கலைக்கழகப் படிப்பு முடித்தவர்களுக்கென்றே சாக்கோ என்ற கூட்டமைப்பு 1947இல் தொடங்கியது. அங்கே உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு ஒன்று, அலுவலக ஊழியர்களுக்கு ஒன்று, பட்டதாரிகளுக்கு ஒன்று என்று மூன்று தனித்தனிக் கூட்டமைப்புகள். மருத்துவர், பொறியாளர், பொருளியலாளர், பாதிரியார் வரை மூன்றாவதில் இருக்கிறார்கள். பின்லாந்தில் அகாவா 1950இல் வந்தது. டென்மார்க்கில் அதற்கு இணையானது 1972இல். பிரான்சில் மேலாளர்களுக்கும் பொறியாளர்களுக்கும் 1944இலேயே தனிக் கூட்டமைப்பு அமைந்துவிட்டது. ஜெர்மன் மருத்துவர்களின் மார்பூர்கர் பூண்ட் 1947. இவை எல்லாம் இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயிலும் அதன் பிறகும் முளைத்தவை என்பதைக் கவனியுங்கள். கல்லூரி முடித்தவர்கள் மேலும் மேலும் பெரிய நிறுவனங்களிலும் அரசிலும் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்த காலம் அது. சங்கம் வந்ததற்குப் பட்டம் காரணமில்லை, சம்பளம்தான் காரணம். உங்களை வேலையிலிருந்து இன்னொருவர் நீக்கிவிட முடியுமென்றால் நீங்கள் ஊழியர். மேசையின் அகலமோ விசிட்டிங் கார்டில் உள்ள பதவியோ அதை மாற்றுவதில்லை.

இந்தச் சங்கங்கள் தொடக்கத்தில் முன்வைத்த வாதம் ஒன்று சுவாரசியமானது. ஸ்வீடனில் அதற்கு ‘வாழ்நாள் சம்பளம்’ என்று பெயர். பத்தொன்பது வயதில் வேலைக்குப் போனவர் அன்று முதல் சம்பாதிக்கிறார். பட்டதாரி இருபத்தைந்து வயது வரை படிக்கிறார், பலர் கல்விக் கடனும் வாங்குகிறார்கள். மாதச் சம்பளத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பட்டதாரி கொழுத்தவராகத் தெரிவார். விட்டுப்போன ஆறு வருட வருமானத்தையும் கடன் தவணையையும் கழித்து, ஓய்வு பெறும் வரை கூட்டிப் பார்த்தால் சில துறைகளில் வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடும். நூலகர், ஆசிரியர் போன்றவர்கள் இந்தக் கணக்கில்தான் அடிபடுகிறார்கள். ‘படித்தவனுக்கு ஏற்கெனவே நிறையக் கிடைக்கிறது’ என்று யாராவது சொன்னால், எந்தப் படிப்பு, எந்தத் துறை என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் வருடத்துக்கு நாலு பேராவது இதில் ஏமாந்து வருவார்கள். ‘நான் ஏற்கெனவே ஒரு தொழில்முறை அமைப்பில் உறுப்பினர்’ என்பார்கள். மூன்று வகை அமைப்புகள் உண்டு. உரிமம் கொடுக்கிற கவுன்சில் ஒன்று. அது பொதுமக்களைக் காப்பாற்ற இருக்கிறது, தேவைப்பட்டால் உங்கள் உரிமத்தைப் பறிக்கும். அறிவுசார் கழகம் இன்னொன்று, மாநாடு நடத்தும், ஆய்விதழ் போடும், தரநிலை எழுதும். மின் பொறியாளர்கள் அறிந்த ஐட்ரிபிள்ஈ இந்த வகை. மூன்றாவதுதான் தொழிற்சங்கம், நீங்கள் ஊழியர் என்ற முறையில் உங்கள் பக்கம் நிற்பது. பிரிட்டிஷ் மருத்துவ சங்கம் 1832இல் மருத்துவர்களின் கழகமாகப் பிறந்து, பின்னாளில் தொழிற்சங்கமாகவும் ஆனது. அப்படி இரண்டு தொப்பியும் போட்ட அமைப்புகள் சில உண்டு. ஆனால் பெரும்பாலான கழகங்கள் உங்கள் மேனேஜருக்கு ஒரு கடிதம்கூட எழுதாது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, அது அவர்கள் வேலை இல்லை.

இனி சந்தாக் கணக்கு. ‘என் சம்பளத்தை நானே பேசி வாங்குகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பதினான்கு வருடத்தில் இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. நான் சொல்வது இதுதான்: நீங்கள் பேசுகிறீர்கள், உண்மை. ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு பேசுகிறீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் கையில் உங்கள் டீமில் எல்லோருடைய சம்பளமும் இருக்கிறது. போன வருடம் யாருக்கு எத்தனை சதவீதம் ஹைக், யார் ஆஃபர் லெட்டர் காட்டி எவ்வளவு ஏற்றிக்கொண்டார், இந்தப் பதவிக்கு மேலிடம் ஒதுக்கிய உச்சவரம்பு என்ன, எல்லாம் அவருக்குத் தெரியும். உங்கள் கையில் இருப்பது உங்கள் சம்பளம் ஒன்று, நண்பர்கள் பேச்சுவாக்கில் சொன்ன இரண்டு மூன்று எண்கள். அவற்றிலும் பாதி மிகைப்படுத்தல்.

பட்டதாரிச் சங்கத்தின் மிகப் பெரிய சொத்து இந்த இருட்டில் வைக்கும் விளக்குதான். உறுப்பினர்களிடமிருந்து வருடாவருடம் சம்பள விவரம் திரட்டி, படிப்பு, பட்டம் முடித்த வருடம், துறை, பொறுப்பு என்று பிரித்து வைப்பார்கள். ஸ்வீடனின் சாக்கோ சங்கங்கள் இதற்கென ஒரு தேடல் வசதியையே உறுப்பினர்களுக்கு வைத்திருக்கின்றன. ஒருவர் என் முன்னால் உட்கார்ந்தால் நான் திரையைத் திருப்பி மூன்று எண்களைக் காட்டுவேன். உங்களைப் போன்ற நூறு பேரைக் குறைந்த சம்பளத்திலிருந்து தொடங்கி வரிசையில் நிறுத்தினால் பத்தாவது ஆள் வாங்குவது, ஐம்பதாவது ஆள் வாங்குவது, தொண்ணூறாவது ஆள் வாங்குவது. தன்னை நல்ல சம்பளக்காரர் என்று நம்பி வந்த ஒருவர், தான் பத்தாவது ஆளுக்கும் ஐம்பதாவது ஆளுக்கும் நடுவில் நிற்பதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டார், “இது எந்த வருஷத்து டேட்டா?” அந்த வருடத்து டேட்டாதான். அவர் திறமைசாலி, அதில் சந்தேகமில்லை. ஒரே நிறுவனத்தில் ஒன்பது வருடம் இருந்துவிட்டார், வெளியே விலை ஏறியது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எண் மட்டும் போதாது, சொல்லும் விதமும் வேண்டும். பேச்சுக்கு முன்னால் அவரோடு ஒத்திகை பார்த்தோம். நான் மேனேஜராக நடித்தேன். அவர் தொகையைச் சொல்லி முடித்த மறுகணமே, “அது முடியலேன்னா கொஞ்சம் குறைச்சும்…” என்று ஆரம்பித்தார். நான் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. படித்தவர்கள் பெரும்பாலோர் செய்கிற தப்பு இதுதான். அடுத்தவர் குறைக்கும் முன் தாங்களே குறைத்துவிடுவார்கள். எண்ணைச் சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள், அமைதி எவ்வளவு சங்கடமாக இருந்தாலும் சரி. வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்று பேசாதீர்கள். அது மனிதருக்கு மனிதர் பேசுவது, பட்ஜெட்டில் அதற்கு இடம் கிடையாது. நீங்கள் கையில் எடுத்த பொறுப்பு, அது வெளியே என்ன விலைக்குப் போகிறது, இந்த இரண்டை மட்டும் பேசுங்கள்.

‘சங்கம் வந்தால் எல்லோருக்கும் ஒரே சம்பளம், என் திறமைக்கு மதிப்பில்லை’ என்ற பயமும் உங்கள் கேள்வியில் தொனிக்கிறது. ஆலையில் கிரேடு வாரியாகச் சம்பளம் நிர்ணயிப்பது வழக்கம் என்பது உண்மைதான். ஆனால் பட்டதாரிச் சங்கங்கள் எல்லாம் அந்த வழியில் போகவில்லை. ஸ்வீடனில் ஊழியர் அனைவருக்குமாக முதலாளிகளோடு அவை செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தங்கள் சிலவற்றில் சம்பள உயர்வு எவ்வளவு என்ற எண்ணே கிடையாது. ‘எண்ணில்லா ஒப்பந்தம்’ என்றே அதற்குப் பெயர். வருடத்துக்கு ஒரு முறை மேலாளர் ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து சம்பளம் பேச வேண்டும், எந்த அளவுகோலில் உயர்வு தரப்படுகிறது என்று சொல்ல வேண்டும், உயர்வே கிடைக்காதவருக்கு ஏன் என்று விளக்கி முன்னேற வழி காட்ட வேண்டும் என்று நடைமுறையை மட்டும் கட்டிப்போடுவார்கள். தொகை உங்கள் சாமர்த்தியம். மைதானத்தைச் சமன் செய்வது மட்டும் சங்கத்தின் வேலை. இதற்கு விமர்சனமும் உண்டு. நன்றாகப் பேசத் தெரிந்தவருக்கும் மேலாளருக்குப் பிடித்தவருக்கும் இது சாதகம், அமைதியாக வேலை பார்ப்பவர் பின்தங்குகிறார் என்று உறுப்பினர்களே புகார் சொல்வார்கள். அது நியாயமான புகார் என்றுதான் நினைக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த சம்பள வெளிப்படைத்தன்மை நெறிமுறை, ஒரே மதிப்புள்ள வேலைக்கு ஆண்களும் பெண்களும் சராசரியாக என்ன வாங்குகிறார்கள் என்று கேட்டறியும் உரிமையை ஊழியருக்குத் தருகிறது. அது நடைமுறையில் வேரூன்றினால் சங்கத்தின் விளக்கு கொஞ்சம் மங்கலாம். அதற்காக நான் வருத்தப்பட மாட்டேன்.

இரண்டாவது பெரிய பலன், கையெழுத்துப் போடும் முன் இன்னொரு ஜோடிக் கண்கள். ஒரு வியாழக்கிழமை மாலை ஒரு மென்பொருள் பொறியாளர் பதினான்கு பக்க ஒப்பந்தத்தோடு வந்தார். திங்கட்கிழமை காலைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். சம்பளப் பக்கத்தை மட்டும் படித்திருந்தார், அந்தப் பக்கத்தின் ஓரம் மடிந்திருந்தது, மற்ற பக்கங்கள் பிரிண்டரிலிருந்து வந்த மேனிக்கே இருந்தன. நான் பென்சிலால் மூன்று இடத்தில் கோடு போட்டேன். ஒன்று, வேலைக் காலத்தில் அவர் உருவாக்கும் எதுவும் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற வரி. ‘எதுவும்’ என்றால் எதுவும்தான். அவர் வீட்டில், சொந்தக் கணினியில், இரவில் உட்கார்ந்து ஒரு சிறிய செயலியை எழுதிக்கொண்டிருந்தார். அது போய்விடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ‘பணியின் பகுதியாக, நிறுவனத்தின் தொழில் எல்லைக்குள்’ என்று நாலு சொல் சேர்க்கச் சொன்னோம். எச்.ஆர். அன்றே ஒத்துக்கொண்டார்கள். இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்களாம்.

இன்னொரு கோடு, வேலையை விட்ட பிறகு பன்னிரண்டு மாதம் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற பிரிவு. இதில் நாட்டுக்கு நாடு சட்டம் தலைகீழாக மாறும். கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட பிரிவு செல்லாது. 1872ஆம் ஆண்டிலிருந்து அப்படித்தான். வேடிக்கை என்னவென்றால் அதே 1872இல் வந்த இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. ஜெர்மனியில் செல்லும், ஆனால் தடை இருக்கும் காலம் முழுக்கப் பழைய சம்பளத்தில் பாதிக்குக் குறையாமல் நிறுவனம் கொடுக்க வேண்டும், இரண்டு வருடத்துக்கு மேல் நீட்டவும் முடியாது. செல்லாத பிரிவையும் ஒப்பந்தத்தில் எழுதி வைக்கிறார்கள், ஏனென்றால் படிப்பவர் பயந்து கட்டுப்படுவார். மூன்றாவது கோடு, ‘ஓவர்டைம் சம்பளத்திலேயே அடக்கம்’ என்ற வரி. கணக்கைப் போட்டுக் காட்டினேன்: வாரத்துக்கு 40 மணி நேரச் சம்பளத்துக்கு 50 மணி நேரம் உழைத்தால் மணிக்கு வாங்கும் கூலி 20 சதவீதம் குறைகிறது. அவர் பேசிப் பேசி வாங்கிய ஹைக் அந்த ஒற்றை வரியில் கரைந்து போயிருக்கும்.

வேலையை விட்டு அனுப்பும் கூட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதை விரித்து எழுத மனம் வரவில்லை. ஒரு முறை உறுப்பினர் ஒருவரோடு உள்ளே போனேன். மேசை மேல் இரண்டு பக்கத் தாள், பக்கத்தில் மூடி கழற்றி வைத்த பேனா. இன்றே கையெழுத்துப் போட்டால் கூடுதலாக ஒரு மாதச் சம்பளம் என்றார்கள். எம்.டெக். முடித்தவர், நூறு கோடி பெறுமான திட்டங்களை நடத்தியவர், கை தானாகப் பேனாவை நோக்கிப் போனது. அந்த நேரத்தில் மூளை வேலை செய்யாது, யாருக்கும். பக்கத்தில் ஒருவர் இருந்து “படித்துவிட்டு நாளை தருகிறோம்” என்று சொல்வதற்கு இருக்கும் மதிப்பு அப்போதுதான் தெரியும். பிரிட்டனில் ஒழுங்கு நடவடிக்கை விசாரணைக்குச் சக ஊழியரையோ சங்கப் பிரதிநிதியையோ துணைக்கு அழைத்துப் போகும் உரிமையை 1999ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. இது எல்லா நாட்டிலும் கிடையாது.

பணத்தைத் தாண்டி ஒன்று இருக்கிறது. அதைச் சங்கத்தின் விளம்பரத் தாளில் அதிகம் பார்க்க முடியாது. படித்த தொழிலில் இருப்பவர் சில சமயம் ‘முடியாது’ என்று சொல்ல வேண்டும். மருத்துவர் டிஸ்சார்ஜ் ஷீட்டில் கையெழுத்துப் போட மறுப்பது, ஆடிட்டர் கணக்கை ஏற்க மறுப்பது, பொறியாளர் சோதனை முடியவில்லை என்று அடம்பிடிப்பது. 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலம் ஏவப்படுவதற்கு முந்தின இரவு, இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிவிடும் என்று பூஸ்டர் ராக்கெட் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் எதிர்த்தார்கள். மேலதிகாரி ஒருவர் இன்னொரு அதிகாரியிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகித் தொப்பியைப் போட்டுக்கொள் என்று சொன்னது விசாரணையில் பதிவாகியிருக்கிறது. மறுநாள் ஏழு பேர் இறந்தார்கள். அங்கே சங்கம் இருந்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. தனியாக ‘முடியாது’ என்று சொல்கிறவர் மறுநாள் வேலையைப் பற்றியும் யோசிக்கிறார் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கவலையைக் கொஞ்சமாவது குறைக்கிற எதுவும் வேலையின் தரத்துக்கு நல்லது.

கூட்டாகப் போராடுவதைப் பற்றி. பட்டதாரிகள் ஸ்டிரைக் செய்ய மாட்டார்கள் என்பது கதை. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் பொறியாளர்களும் தொழில்நுட்ப ஊழியர்களும் 15,000க்கும் மேற்பட்டவர்கள் 40 நாள் வேலைக்குப் போகவில்லை. விமானங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட ஆளில்லாமல் டெலிவரி தடுமாறியது. ‘நோ நேர்ட்ஸ், நோ பேர்ட்ஸ்’ என்பது அவர்கள் கோஷம், அதாவது படிப்பாளிகள் இல்லையென்றால் பறவைகளும் (விமானங்களும்) இல்லை. 2006இல் ஜெர்மன் பல்கலைக்கழக மருத்துவமனைகளின் டாக்டர்கள் மாதக்கணக்கில் போராடி, மற்ற ஊழியர்களோடு சேராத தனி ஒப்பந்தத்தை வாங்கினார்கள். 2018இல் பிரிட்டிஷ் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 14 நாள் போராட்டம் நடத்தினார்கள். உறுதியான ஓய்வூதியத்தை எடுத்துவிட்டு முதலீட்டுச் சந்தையைப் பொறுத்த ஓய்வூதியமாக மாற்றும் திட்டம் அதோடு கைவிடப்பட்டது. பிறகு வேறு வடிவில் வெட்டு விழுந்து, அதற்கும் போராடி, 2024இல்தான் பழைய பலன்கள் திரும்பின. அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 2023இல் 148 நாள் போராடி, செயற்கை நுண்ணறிவு எழுதியதை எழுத்தாளர் படைப்பாகக் கணக்கிடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தார்கள். உங்கள் துறையிலும் இந்தப் பேச்சு வரப்போகிறது, கவனித்துக்கொண்டிருங்கள்.

தோல்விகளையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவன் இல்லை. 1971இல் ஸ்வீடன் பட்டதாரிகள் அரசை எதிர்த்து ஸ்டிரைக் செய்தபோது அரசு பதிலுக்கு ஆயிரக்கணக்கான ஆசிரியர்களைக் கதவடைத்து வெளியே நிறுத்தியது, பிறகு தனிச்சட்டம் போட்டுப் போராட்டத்தையே நிறுத்தியது. நன்றாகச் சம்பாதிப்பவர்கள் தெருவுக்கு வந்தால் பொதுமக்கள் அனுதாபம் எளிதில் கிடைக்காது என்ற பாடத்தை இந்தச் சங்கங்கள் அப்போதே படித்தன. மருத்துவர், செவிலியர், ஆசிரியர் போராட்டத்தில் வேறொரு முள்ளும் உண்டு. அடி வாங்குவது முதலாளி அல்ல, நோயாளியும் மாணவரும்தான். அதனால் அவசர சிகிச்சையை விட்டுவைப்பது, ஓவர்டைமை மட்டும் மறுப்பது என்று மென்மையான வழிகளைத் தேடுகிறார்கள். 2007இல் பின்லாந்துச் செவிலியர்கள் ஸ்டிரைக் செய்யாமல் ஆயிரக்கணக்கில் ராஜினாமா செய்வோம் என்று மிரட்டி ஊதிய உயர்வு வாங்கினார்கள். அது துணிச்சலா, பொறுப்பின்மையா என்று இன்றும் என்னால் ஒரு பக்கம் சாய முடியவில்லை.

சந்தேகத்துக்குரிய இடத்துக்கு வருகிறேன். சங்கத்தில் சேர்ந்தால் உங்கள் சம்பளம் கூடுமா? ‘கட்டாயம் கூடும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சங்கங்கள் மேலுக்கும் கீழுக்கும் உள்ள சம்பள இடைவெளியைச் சுருக்குகின்றன என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பத் தென்பட்டது. அப்படியானால் பலன் கீழே இருப்பவருக்கு அதிகம், உச்சியில் இருப்பவருக்குக் குறைவு. நீங்கள் உண்மையிலேயே அந்தத் தொண்ணூறாவது ஆளுக்கு மேலே இருந்தால், பேரத்தில் உங்களுக்குச் சங்கம் பெரிதாக எதையும் சேர்க்காது. உங்களுக்கு அது காப்பீடு மாதிரி: நோய், பிரசவம், நிறுவனம் விற்கப்படுவது, புதிய மேலாளரோடு ஒத்துப்போகாதது, இதற்கெல்லாம். இருபது பேர் வேலை செய்யும் சிறு நிறுவனத்தில் இருந்தால் கூட்டு ஒப்பந்தம் என்ற பேச்சே எழாது, ஒப்பந்தம் படித்துத் தரும் உதவி மட்டுமே மிச்சம். வட ஐரோப்பாவின் கதையை அப்படியே எல்லா இடத்துக்கும் எடுத்துப் போவதும் சரியில்லை. அங்கே வேலையில்லாக் காலக் காப்பீட்டு நிதிகள் சங்கங்களோடு ஒட்டியே வளர்ந்தவை, பலர் சங்கத்தில் சேர்வதற்கு அதுவே பாதிக் காரணம்.

சட்டமும் உங்களைத் தடுக்கலாம். உலகத் தொழிலாளர் அமைப்பின் 87ஆம் உடன்படிக்கை, 1948இல் நிறைவேறியது, எந்தப் பாகுபாடும் இல்லாமல் தொழிலாளர் அனைவரும் சங்கம் அமைக்கலாம் என்கிறது. படைக்கும் போலீசுக்கும் மட்டும் அந்தந்த நாடு முடிவு செய்யலாம். ஆனால் சங்கம் அமைக்கும் உரிமை வேறு, தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு வேறு. அமெரிக்காவில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தொழில்முறை வல்லுநர்களில் பெரும்பான்மையோர் வாக்களித்துச் சம்மதித்தால்தான் மற்ற ஊழியர்களோடு ஒரே பேர அணியில், அதாவது நிறுவனத்தோடு சேர்ந்து பேரம் பேசும் ஒரே குழுவில், அவர்களைச் சேர்க்க முடியும். 1980இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் பாடத்திட்டத்தையும் நியமனத்தையும் தாங்களே முடிவு செய்வதால் அவர்கள் நிர்வாகிகள், அவர்களுக்குக் கூட்டாகப் பேரம் பேசும் உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. இந்தியாவில் 1988இல் உச்ச நீதிமன்றம், பள்ளி ஒரு தொழில் நிறுவனமாக இருந்தாலும் ஆசிரியர் ‘தொழிலாளி’ என்ற சட்ட வரையறைக்குள் வரமாட்டார் என்றது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரை வெளியே நிறுத்தும் பழக்கம் 2020இல் நிறைவேறிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஆகவே ‘மேனேஜர்’ என்ற பட்டம் கிடைத்ததும் சந்தோஷப்படும் முன், அந்தச் சொல்லால் எந்தச் சட்டப் பாதுகாப்பை இழக்கிறோம் என்று பாருங்கள். சம்பளம் ஏறாமல் பதவிப்பெயர் மட்டும் ஏறிய ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முத்திரை விழுமா என்ற மூன்றாவது கேள்வி. சில இடங்களில் விழும், மழுப்ப விரும்பவில்லை. சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரைப் பழிவாங்குவதைப் பல நாட்டுச் சட்டம் தடை செய்கிறது, ஆனால் அப்ரைசலில் ஒரு புள்ளி குறைந்ததற்கு அதுதான் காரணம் என்று நிரூபிப்பது மிகவும் கடினம். உறுப்பினராக இருப்பதை ஊரெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஒப்பந்தம் படித்துக்கொள்வதும் சம்பள எண்களைப் பார்ப்பதும் உங்கள் நிறுவனத்துக்குத் தெரியாமலே நடக்கும். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். உங்களுக்குக் கீழே ஆட்கள் இருந்தால் வேறு சிக்கல் வரும்: உங்கள் டீம் ஆளும் நீங்களும் ஒரே சங்கத்தில் இருந்து, இருவருக்கும் தகராறு வந்தால்? ஒழுங்கான சங்கம் இருவருக்கும் வெவ்வேறு ஆலோசகரைக் கொடுக்கும். சேரும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேறு சிலவற்றையும் கேளுங்கள். சந்தா சம்பளத்தில் சதவீதமா, நிலையான தொகையா? சம்பள டேட்டாவில் உங்கள் துறையில் எத்தனை பேர்? முப்பது பேரின் டேட்டாவை வைத்து யாரும் பேரம் பேச முடியாது. ஒப்பந்தம் படித்துத் தர எத்தனை நாள் ஆகும்? அரசியல் கட்சியோடு இணைப்பு உண்டா? எல்லாவற்றுக்கும் மேலாக, சேர்ந்து எத்தனை மாதம் கழித்துச் சட்ட உதவி தொடங்கும்? பெரும்பாலான சங்கங்கள், சேரும் முன்பே தொடங்கிவிட்ட பிரச்சினையைக் கையில் எடுப்பதில்லை. நோட்டீஸ் வந்த மறுநாள் சேர வந்தவர்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்களில் ஒருவர் வருவதற்கு எட்டு மாதம் முன்பு, உங்களைப் போலவே, இதே கேள்வியை என்னிடம் போனில் கேட்டவர்.